மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ்: நிஜமாகவே எல்லாம் அடக்கமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம். டிசம்பரில் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம். ‘நீங்கள் ரெண்டு பேர் மட்டும் எங்காவது போய்விட்டு வாருங்கள்’ என்று பிள்ளைகள் துரத்துகிறார்கள். மாலத்தீவில் பா அட்டோல் என்கிற பவளத் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவு பார்த்து வைத்திருக்கிறேன். நான்கு இரவு, அறை, சாப்பாடு, குடி எல்லாம் ஒரே விலையில் அடக்கம் என்கிறார் ஏஜென்ட். கடல் விமானத்தில் போக வேண்டுமாம். மான்டா திருக்கை கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார். வீட்டுக்காரம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். போய் வந்தவர்கள் யாராவது, மேற்கொண்டு கையை விட்டு எவ்வளவு போகும் என்று சொல்லுங்களேன்.

சும்மா ஒரு கருத்து:
நாலு நாள் ஒரே மணலைப் பார்க்க இவ்வளவு செலவா? ராமேஸ்வரம் கூட்டிப் போங்கள், புண்ணியமாவது சேரும்.

முத்துநகர் மீனா:
அவர் கிடக்கட்டும். நானும் வீட்டுக்காரரும் போன பிப்ரவரியில் போய் வந்தோம். நாங்கள் தூத்துக்குடி, அதனால் திருவனந்தபுரத்தில் ஏறினோம். தலைநகர் மாலேவுக்குப் பறக்கிற நேரம் ஒன்றரை மணிகூட இல்லை. கோட்டை விட்டதெல்லாம் இறங்கின பிறகுதான்.

கடல் விமானம் இருட்டினால் பறக்காது. பகல் வெளிச்சத்தில்தான் தண்ணீரில் இறங்கும். மாலை மூன்றரைக்குள் மாலேயில் இருந்தால்தான் அன்றைக்கே தீவு என்று ரிசார்ட் அனுப்பிய மெயிலில் ஒரு வரி இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. விமானம் தாமதமாகி நாலே முக்காலுக்கு இறங்கினோம். அன்றைய ராத்திரி மாலே பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஒரு சின்ன லாட்ஜில், ஏசி சத்தத்தோடு. தீவில் எங்கள் பேரில் ஓர் அறை மெத்தை விரித்தபடி காலியாகக் கிடந்தது. அதற்கு ஒரு பைசா திரும்பவில்லை. சண்டை போட்டும் பார்த்தேன். சிரித்த முகத்தோடு ‘விதிமுறை மேடம்’ என்றார்கள். பணம் போனதைக்கூடத் தாங்கலாம், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். பல இடங்களில் கடல் விமானக் கட்டணம் அந்த ஒரே விலைக்குள் வராது. எங்களுக்கு ஆளுக்குப் போக வர 450 டாலர். பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், அதற்கு முன்னால் 6தான். விலைக்குப் பின்னால் ‘ப்ளஸ் ப்ளஸ்’ போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதமும் தனி. கடல் விமானத்தில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. தாண்டினால் அதற்கும் காசு. விசா இலவசம், போய் இறங்கியதும் தருவார்கள். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்கிற பயணப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம்தான், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மாலேயில் வாங்கி வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போதுதான் தருவார்கள். இதுவும் எங்கள் வீட்டு அனுபவம்தான், யார் என்று கேட்காதீர்கள்.

மான்டா விஷயத்தில் ஏஜென்ட் அளக்கிறார். பா அட்டோலில் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூனிலிருந்து நவம்பர் வரை. டிசம்பரில் அதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். பதிலாக, உங்கள் தீவில் ஹவுஸ் ரீஃப், அதாவது தீவைச் சேர்ந்த பவளப்பாறை, கரைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்குப் படகுத்துறைப் படியில் இறங்கினாலே பவளப்பாறை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை நீச்சல் மாஸ்க் போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். நறநறவென்று ஒரு சத்தம். பார்த்தால் கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்கிறது. அது தின்று கழிப்பதுதான் அந்த வெள்ளை மணலில் பாதி என்றார் கூட வந்த பையன். அதற்கப்புறம் வீட்டுக்காரர் மணலில் உட்காரவே யோசித்தார்.

தீவைச் சுற்றி வர இருபது நிமிடம். இரண்டாம் நாளே எல்லா மரமும் பழகிவிடும். மூன்றாம் நாள் மதியம் எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லாமல் ஒரு சண்டை வந்தது, எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. புத்தகம் ஏதாவது எடுத்துப் போங்கள்.

காலையில் மஸ் ஹுனி வைப்பார்கள். தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, உதிர்த்த சூரை மீன், கூடவே ரொஷி என்கிற சப்பாத்தி. முதல் வாயிலேயே எங்கள் ஆச்சி மாசிக் கருவாடு இடித்த வாசம். எங்கள் ஊர்த் தோணிகள் இன்றைக்கும் காய்கறி ஏற்றிக்கொண்டு அங்கே போகின்றன. அவர்களும் படகைத் ‘தோனி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘நாளைக்குத் தோனி வரும்’ என்று படகுக்காரர் சொன்னதும் இவர் கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிட்டார்.

பொள்ளாச்சிக்காரன்:
மீனாக்கா, பெரிய உதவி. அந்த மஸ் ஹுனியைக் கேட்டதும் வீட்டுக்காரம்மா முகம் மாறிவிட்டது. சைவத்துக்கு என்ன வழி?

அடுப்படி ராசா:
அங்கே ஒரு ரிசார்ட் கிச்சனில் ஆறு வருடம் வேலை பார்த்தேன் அண்ணா. வெறும் ‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் போதாது. மீன், முட்டை, மீன் சாறு மூன்றும் கூடாது என்று புக் செய்யும்போதே மெயிலில் எழுதுங்கள். மீன் வேகவைத்த தண்ணீரான ‘கருதியா’ அவர்களுக்கு, நமக்கு ரசம் மாதிரி, எதில் ஊற்றியிருப்பார்கள் என்று பார்த்தால் தெரியாது. போன அன்றைக்கே பஃபேயில் நிற்கும் ஷெஃப்பிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மலையாளி, தமிழ், இலங்கைப் பையன் யாராவது உள்ளே இருப்பான், தோசை வந்துவிடும். காய்கறி சப்ளை படகில் வருகிறது. கடல் கொந்தளித்தால் முதலில் தீர்வது கீரையும் தக்காளியும்தான். வேலைக்காரர்கள் மெஸ்ஸில் தினமும் சோறும் பருப்பும் உண்டு. தயங்காமல் கேளுங்கள், எடுத்து வந்து தருவார்கள்.

பொள்ளாச்சிக்காரன்:
நன்றி தம்பி. கொச்சியிலிருந்து காலை விமானத்துக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்காரம்மா ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்து வைக்கிறார். இப்போதே மூன்று கிலோ.

முத்துநகர் மீனா:
ஊறுகாயைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் கொச்சியிலேயே எடுத்துவிடுவார்கள்.