புதினா எண்ணெய் தடவினால் கெண்டைக்கால் பிடிப்பு விடுமா?

ராத்திரிநடை: நேற்றுத் தூக்கத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிக்கொண்டது. புதினா எண்ணெயை நாலு சொட்டு வேறு எண்ணெயில் கலந்து தேய்த்தேன், ஐந்தே நிமிடத்தில் விட்டுவிட்டது. புதினா எண்ணெயில் உள்ள முக்கியப் பொருளான மென்தால் தசையைத் தளர்த்தும் என்று ஆய்வே இருக்கிறது. அப்புறமும் இதை 'வெறும் வாசனை' என்று ஏன் கிண்டல் செய்கிறீர்கள்?

குடுவை: ஆய்வு உண்மைதான். எந்தத் தசையில் என்று பார்த்தீர்களா? கினிப் பன்றியின் குடல் துண்டைக் குடுவைக்குள் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளை விட்டுச் சுருங்க வைப்பார்கள். பிறகு எண்ணெய் சேர்த்தால் குடல் தளரும். செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை மென்தால் அடைத்துவிடுவதுதான் காரணம். கெண்டைக்கால் தசையோ நரம்பு உத்தரவிட்டதும் தன் உள் சேமிப்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். வெளி வாசலை அடைத்து என்ன பயன்?

ராத்திரிநடை: அப்படியானால் எனக்கு எப்படி விட்டது?

குடுவை: தேய்த்தீர்கள், காலையும் நீட்டியிருப்பீர்கள். பாதத்தை முழங்கால் பக்கம் இழுத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும். சில்லென்று இருந்ததே, அது தோல் நரம்பில் குளிரை உணரும் ஏற்பியை மென்தால் தட்டி எழுப்பியது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

லினலூல்: குடுவை, நீங்கள் ஒரேயடியாகத் தள்ளுகிறீர்கள். குடல் எரிச்சல் நோய்க்குப் புதினா எண்ணெய் மாத்திரையை மருத்துவர்களே தருகிறார்கள். குடலில் போய்க் கரையும்படி மேலே பூச்சு இருக்கும். அதைக் கடித்து விழுங்கிப் பாருங்கள், உணவுக்குழாயின் அடிவாசல் தளர்ந்து நெஞ்செரிச்சல் வந்துவிடும். இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்னொன்று, எல்லா எண்ணெயும் மென்தால் இல்லை. லாவெண்டரில் லினலூலும் லினலைல் அசிட்டேட்டும், ஓமத்தில் தைமால், சோம்பில் அனெத்தால். ஒரே செடியிலும் அறுவடை நேரம் மாறினால் அளவு மாறும்.

குடுவை: நீங்கள் சொன்னதும் குடல் கதைதானே! ஓம எண்ணெயும் சோம்பு எண்ணெயும் வயிற்றுக்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. காலுக்கு என்றால்தான்.

லினலூல்: நரம்பு சேதி கடத்தப் பயன்படும் சோடிய வாசலையும் மென்தால் அடைக்கும், அதனால்தான் மரத்துப்போகிறது. வலி குறைந்தால் இறுக்கமும் குறையாதா?

குடுவை: வலி குறையலாம். அதைத் 'தசை தளர்ந்தது' என்று டப்பாவில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆமாம், கைக்குழந்தை மூக்கருகே மட்டும் தடவிவிடாதீர்கள், மூச்சே அடைத்துக்கொள்ளக்கூடும்.

ராத்திரிநடை: சரி, அடுத்த தடவை எண்ணெய் இல்லாமல் காலை மட்டும் நீட்டிப் பார்க்கிறேன். ஆனால் ராத்திரி 2 மணிக்கு அலறிக்கொண்டே சோதனை செய்யும் பொறுமை யாருக்கு இருக்கிறது?