புதுப்பிப்பு: குரூசர் மோட்டார் சைக்கிளுக்குப் பையை விடத் தாங்கிக் கம்பிதான் முக்கியம்

சிங்கப்பூரிலிருந்து குரூசரில் ஜொகூர், மலாக்கா போய்வர, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் தோல் பக்கப்பை ஒரு ஜோடி போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: பையைச் சக்கரத்தில் படாமல் தள்ளிப் பிடிக்கும் தாங்கிக் கம்பி இல்லாமல் அந்தப் பையை மாட்டவே மாட்டாதீர்கள்.

வாரில் மட்டும் தொங்கும் பை, ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது உள்ளே சாய்ந்து டயரில் உரசும். கம்பியை மாட்டியபின் இருவர் ஏறி உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். டயருக்கும் பைக்கும் நடுவே நாலு விரலாவது நுழைய வேண்டும். கம்பியின் தடிமன் கூடுவதால் பழைய போல்ட்டின் மரை குறைவாகவே பிடிக்கும், அந்தத் தடிமன் அளவுக்கு நீளம் கூடிய போல்ட் வாங்குங்கள். மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு துளி விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

சைலன்சர் பக்கம்தான் ஆபத்து. ஓடும்போது காற்று சூட்டைத் தள்ளிவிடும்; உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் நின்று நின்று நகரும்போது சூடு நேரே மேலேறும், நைலான் பையாக இருந்தால் அடிப்பக்கம் பளபளத்து இளகும். அந்தப் பக்கம் பையைச் சற்று உயர்த்தி மாட்டுங்கள்.

மழைக்கு, பக்கப்பைக்குள்ளே ரப்பர் பூசிய சுருட்டுப்பை வையுங்கள்; அதன் வாயை மூன்று மடிப்பு சுருட்டி மூடுங்கள். கனமானவை பக்கப்பையின் அடியில்; முதுகுச்சாய்வுக் கம்பியில் மெத்தென்ற துணிகள் மட்டும், இல்லையேல் ஹேண்டில் லேசாகி ஆடும். மிஞ்சிய வார் நுனிகளைக் கட்டிவிடுங்கள். சங்கிலியில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

நம்மூர் ஈரப்பதத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். நனைந்த பையை மூடி வைக்காதீர்கள்.