தங்கச்சி கல்யாணம்: தேதி முடிவாகிவிட்டது (புதுப்பிப்பு)

மீன்பிடித் தடைக்காலத்தில் தங்கச்சி கல்யாணத்தை வைக்கலாமா, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் என்னென்ன தாள் கேட்பார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். மே மாதம் என்று முடிவாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, பாம்பன், தங்கச்சிமடம் சொந்தமெல்லாம் கரையில்தான் இருக்கும். கையில் காசு இருக்காதே என்று அம்மா பயந்தார், தடை முடிந்து சீர் செய்கிறேன் என்று தாய்மாமாவே சொல்லிவிட்டார். அந்த மனசு பெரிது.

அப்புறம் ஞானஸ்நானச் சான்றிதழ். பழையது எடுபடாது, ஆறு மாதத்துக்குள் வாங்கியது வேண்டும், ஏனென்றால் ஒருவருக்குக் கல்யாணம் முடிந்ததும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் (கோயில் நிர்வாகப் பகுதியின்) பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகவே அதை எழுதிவிடுவார்கள், புதிதாக வாங்கினால்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்பது தெரியும். கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அந்தப் பெரிய பதிவேட்டைத் திறந்து, தங்கச்சி பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தை விரல் வைத்துக் காட்டினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி, அதனால் இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். வெளியூர்ச் சம்பந்தம் என்றால் இதைக் கடைசிவரை இழுக்காதீர்கள். இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் போய்வந்துவிட்டார்கள்.

இனி தாலிதான். சிலுவையா, புறாவா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது, எனக்குச் சிலுவைதான் வேண்டும்.