சுங்கை சிப்புட் வானத்தில் கேலக்ஸிகள்: பார்த்தவர்கள் குறிப்பு எழுதுங்கள்

மலேசியாவில் நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள்தான். அதனால் வடக்கே ஆண்ட்ரோமீடா கேலக்ஸியும் கிடைக்கும், தெற்கே மெகல்லன் மேகங்கள் என்னும் இரு கேலக்ஸிகளும் கிடைக்கும். பெரிய மெகல்லன் மேகத்துக்குக் கருவியே வேண்டாம். பிப்ரவரி நடுவில், நிலவில்லாத இரவு 9 மணிக்கு நேர் தெற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து உயரம் 15 பாகைதான், தோட்டத்துச் செம்பனை மரங்கள் மறைக்கும். கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த மரமென்றால் 40 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். மறுநடவு செய்த, கன்றுகள் குட்டையாக இருக்கும் பக்கம் நல்லது. சின்ன மேகமும் பால்வீதியும் இழுத்து உருக்குலைத்த கேலக்ஸி அது.

---

அண்ணே, ஆண்ட்ரோமீடாவுக்கு 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியைத் தூக்க வேண்டாம். வானில் ஆண்ட்ரோமீடாவின் நீளம் 3 பாகை, ஆறு முழுநிலா அகலம். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டாலும் பார்வைக்குள் வருவது 1 பாகை. நடுப்பகுதி மட்டும் புகையாகத் தெரிய, ‘சுருளே இல்லையே’ என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். 10×50 பைனாகுலர் போதும். டிசம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு வடக்கே, 53 பாகை உயரம். டாப்சோனியனை ஆண்ட்ரோமீடாவின் துணைக் கேலக்ஸியான எம்32-க்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. ஆக, கண்ணில் படும் அளவு வேறுபாடு நிஜமானது: பெரியது ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கு மேல், சின்னது பத்தாயிரத்துக்கும் குறைவு.

---

அளவை அப்படி ஒப்பிடலாம், வடிவத்தை அவ்வளவு எளிதில் நம்பக்கூடாது. தோசைக்கல்லை மேலிருந்து பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் கோடு. மே தொடக்கத்தில் இரவு 11 மணிக்கு உச்சிக்கு அருகே எம்104 கேலக்ஸியைப் பாருங்கள். மெல்லிய கீற்றாகத் தெரிவது, அதன் தட்டை நாம் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்ப்பதால். உச்சிக்குச் சற்று வடக்கே எம்87 கேலக்ஸி, உருண்டையான மங்கல். வானியலாளர் ஹப்பிள் 1926-இல் நீள்வட்டக் கேலக்ஸிகளுக்கு, வட்டமாகத் தெரியும் இ0 முதல் மிகத் தட்டையாகத் தெரியும் இ7 வரை எண் கொடுத்தது தோற்றத்தை வைத்துத்தான். இ0 என்றால் பந்தாகவும் இருக்கலாம், நீண்ட ஒன்றை முனையிலிருந்து பார்ப்பதாகவும் இருக்கலாம். சுழலும் வாயு தட்டாகப் படிந்தால் சுருள் கேலக்ஸி. பெரிய கேலக்ஸிகள் மோதி இணைந்தால் விண்மீன்களின் பாதைகள் கலைந்து, தட்டு அழிந்து, நீள்வட்டமாகிவிடும்.

---

அப்படியொரு மோதலின் தடயத்தையே பார்க்க வேண்டுமா அக்கா? அதே மே இரவில், நள்ளிரவை ஒட்டி, தெற்கே 42 பாகை உயரத்தில் சென்டாரஸ் ஏ கேலக்ஸி. உருண்டை ஒளியைக் கறுப்புத் தூசிப்பட்டை குறுக்கே வெட்டும். விழுங்கப்பட்ட கேலக்ஸியின் மிச்சம் அது. கண் இருளுக்குப் பழக 25 நிமிடம் கொடுங்கள், நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். பட்டை திடீரென மறைந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த பனிதான். தொலைநோக்கிக்குள் இருக்கும் சிறிய கண்ணாடியைத் துடைக்காதீர்கள், கீறும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடியுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40–50 விழுக்காட்டில் இருக்கும் உலர்பெட்டிதான் பாதுகாப்பு.