ரோட்டவேட்டருக்குப் பின்னால் வெளிச்சம்

*தோட்டத்து வீடு (குடும்பக் குழு)*

குமார் (இரவு 8.40): பெரியப்பா, மினி டிராக்டரில் பின்பக்கம் நான் மாட்டிய எல்இடி விளக்கு இரண்டும் மினுக்கி மினுக்கி அணைகின்றன. தீய்ந்த வாடை வேறு. ரோட்டவேட்டரால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன் பாதி வயலோடு நிறுத்திவிட்டேன்.

பெரியப்பா: நிறுத்தியது நல்லது. முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்று. மின்சாரம் எங்கிருந்து எடுத்தாய்?

குமார்: முன்விளக்கு சுவிட்சிலிருந்து. வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். இப்போது பிரித்துப் பார்த்தால் வயரின் உறை இளகி விரலில் ஒட்டுகிறது.

அத்தை: ஐயோ, கையைச் சுட்டுக்கொண்டாயா?

குமார்: இல்லை அத்தை, ஆறிவிட்டது.

பெரியப்பா: விளக்கு ஒன்று 27 வாட் என்றாய். இரண்டுக்கும் 54. பேட்டரி 12 வோல்ட், ஆக நாலரை ஆம்பியர். முன்விளக்கின் சுமையோடு இதையும் அந்தச் சின்ன சுவிட்சின் தலையில் கட்டிவிட்டாய். முறுக்கிய இடம் அதிர்வில் தளர்ந்தால் சூடு அங்கேதான் பிடிக்கும்.

பெரியப்பா: நாளைக்கு நாலு கால் ரிலே ஒன்று வாங்கு. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது; கால்களில் எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாணுக்குள் 10 ஆம்பியர் பியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30ஆம் எண் காலுக்கு. 87இலிருந்து விளக்குகள். 85 எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த வண்டியின் இரும்புக்கு. 86க்குத் தனி சுவிட்ச், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து. ரிலேயை இழுக்கக் கால் ஆம்பியர்கூட வேண்டாம், சுவிட்ச் சூடாகாது.

சித்தப்பா: பியூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் மாற்றச் சுலபமில்லையா அண்ணா?

பெரியப்பா: வேண்டாம் தம்பி. வழியில் வயர் உராய்ந்து இரும்பைத் தொட்டால், பியூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டு அப்படியே எரியும். தகரத்தில் துளை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

குமார்: மினுக்குவதும் இதனால்தானா?

பெரியப்பா: எர்த்தை எங்கே கொடுத்தாய்?

குமார்: மட்கார்டு போல்ட்டில்.

பெரியப்பா: பெயின்ட் மேலேயா? உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு முடுக்கு. இல்லையென்றால் கறுப்பு வயரைப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோ.

குமார் (மறுநாள் இரவு 7.55): முடித்துவிட்டேன் பெரியப்பா. துளி மினுக்கல் இல்லை. ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிய வைக்கோல்கூடத் தெரிந்தது.

பெரியப்பா: நல்லது. ரோட்டில் ஏறும்முன் பின்விளக்கை அணைத்துவிடு. பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும்.

அத்தை: வைக்கோலை எடுக்கும்போது இன்ஜினை அணைத்தாயா?

குமார்: அணைத்தேன் அத்தை. சாவியை எடுத்ததும் விளக்கும் அணைந்துவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில்தான் எடுத்தேன்.