ஏசி வெளி யூனிட்டின் ஃபேன் மோட்டாரை மாற்ற ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் ஏசியின் வெளி யூனிட்டில் கம்ப்ரஸர் ஓடியும் ஃபேன் சுழலாததால், டெக்னீஷியன் கெப்பாசிட்டரை (மோட்டார் கிளம்பி ஓட உதவும் மின்தேக்கி) அதே அளவில் மாற்றினார். இப்போது ஃபேன் தானாகக் கிளம்பினாலும், சிறிது நேரத்தில் மோட்டார் கை வைக்க முடியாதபடி சூடாகி நின்று, ஆறிய பிறகே மீண்டும் ஓடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறது. மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டிலும் பக்கவாட்டு ஆட்டம் இருப்பதால், பேரிங் தேய்ந்துவிட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கிடைத்துள்ள மாற்று மோட்டாரின் வோல்டேஜ், வேகம், ஷாஃப்ட் விட்டம், சுழலும் திசை ஆகிய அனைத்தும் பழையதோடு பொருந்துகின்றன. ஆனால் பழையதற்கு 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், புதியதற்கு 7.5. இருப்பதோ கம்ப்ரஸருக்கும் ஃபேனுக்கும் பொதுவான இரட்டைக் கெப்பாசிட்டர் என்பதால், அதன் ஃபேன் முனையைக் காலியாக விட்டு, புதிய மோட்டாருக்குத் தனிக் கெப்பாசிட்டர் பொருத்தலாமா? துருவேறி ஷாஃப்டோடு இறுகிய இறக்கையை வளைக்காமல் கழற்றும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். வளைந்த இறக்கை புதிய பேரிங்கையும் கெடுத்துவிடும் என்பதே என் கவலை.