புதுப்பிப்பு: புற்றோரம் முளைத்த வெள்ளைக் காளான்

இடி மழைக்குப் பிறகு, ஒரத்தநாடு பக்கம் எங்கள் கொல்லைப் புற்றோரம் முளைத்த காளானைச் சமைக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நீங்கள் கேட்ட அடையாளங்கள்: குடை நடுவே கூர்முனை, தண்டில் வளையமில்லை, தோண்டினால் வேர்போல நீண்டு புற்றுக்குள்ளேயே இறங்குகிறது. குடையைக் காகிதத்தில் வைத்துக் கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விட்டதில் இளஞ்சிவப்புத் தூள் (காளானின் விதை போன்ற வித்துத்தூள்) படிந்தது. பெரியம்மாவும் பார்த்துவிட்டு, "புத்துக்காளான்தான்டா" என்றார். சரி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு நல்லெண்ணெயில் நன்றாக வதக்கியாயிற்று. மண் போக அலசுவதுதான் பெரும்பாடு!

வாசல் புல்லில் வந்த இன்னொன்றைச் சமைக்கவில்லை. தண்டில் வளையம், படிந்ததோ பச்சைத் தூள். வாந்தி பேதியில் தள்ளும் வகை அது. அப்புறம், வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள், விஷக் காளானும் அதில் தேறிவிடும்.